காரைக்குடிக்கு எதுக்கு ஹீட்டர்?

பாண்டீஸ்வரியின் கார் நிலாவுக்கே போய் வந்த கார். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று. நிலா நான்கு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்கிறார்கள். காரின் மீட்டரோ மூன்று லட்சத்து எழுபதாயிரத்தில்தான் நிற்கிறது. ஆனால் காரைக்குடிக்குப் பக்கத்தில், கல்லலில் உரக்கடை நடத்தும் ஒரு பெண், முப்பது வயதான ஜெர்மன் டீசல் காரை இன்னமும் ஓடவைத்திருக்கிறாளே, அதில் துளியும் பொய் இல்லை.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள், சோடி மாட்டு விலைக்கு அதை அவளிடம் தள்ளிவிட்டார்கள். வாங்கியது மலிவுதான். காருக்கான முதல் தண்ணீர்ப் பம்பு கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய அன்று, பில்லைப் பார்த்த அவள் கணவர் நாகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. பாண்டீஸ்வரி அசரவில்லை. காரின் பேரில் ஒரு மாதச் சீட்டுப் போட்டாள். பெல்ட்டோ ரப்பர் குழாயோ, அறுந்து தொங்கும்வரை காத்திருக்கமாட்டாள், முன்னாடியே மாற்றிவிடுவாள்.

போன வருடம் சீட்டெடுத்து ஹீட்டரைச் சரிசெய்தாள். ஊரே சிரித்தது.

"ஏத்தா, வெயில்ல மண்டை பொளக்குது. காரைக்குடிக்கு எதுக்கு ஹீட்டரு?" என்றார் நாகநாதன்.

"வண்டியோட வந்தது எதுவும் செத்துக் கெடக்கக் கூடாது."

இந்த வைகாசியில் நாகநாதனின் தம்பி வீரபாண்டியனுடைய மகள் கீர்த்திக்குக் கோவிலூரில் கல்யாணம். அப்பாவின் புத்தம்புதுக் கார் வாசலில் நிற்க, "நான் ஓட்டக் கத்துக்கிட்ட பெரியம்மா வண்டியிலதான் வருவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள் மணப்பெண்.

நாகநாதன் ஒரு நிபந்தனை போட்டார். "நடுரோட்டுல நின்னுச்சு, மறுநாளே எடைக்குப் போட்டுருவேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் பாண்டீஸ்வரி.

பாதி வழியில் பின்சீட்டிலிருந்து கீர்த்தி மூக்கை உறிஞ்சினாள். "பெரியம்மா, வெல்லப்பாகு வாசம் வருது. சீர்ப் பலகாரம் கொட்டிருச்சா?"

பலகாரம் இல்லை. ரேடியேட்டரிலிருந்து, இஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் கசிகிறது. பாண்டீஸ்வரிக்கு அந்த வாசம் தெரியும். சூடு காட்டும் முள்ளைப் பார்த்தாள். முள்ளைக் காணோம். காலையில் பூசை போட்ட நாகநாதன், அந்த வட்டக் கண்ணாடியின் மேலேயே கட்டைவிரலால் சந்தனத்தை அப்பியிருந்தார். நகத்தால் சுரண்டினாள். உள்ளே முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலையாக்கும் ஒங்களுக்கு?"

"சாமி காரியத்துல நொள்ளை சொல்லாத" என்றார் பக்கத்தில் இருந்த நாகநாதன். "ஓரமா நிறுத்து. தம்பி பின்னாடியேதான் வாரான், புள்ளைய அங்குட்டு ஏத்திவிட்ருவோம்."

வீரபாண்டியனின் புதுக் கார் ஆம்புலன்ஸ் மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தது. நிறுத்தினால் மறுநாள் எடைக்கு. பாண்டீஸ்வரி கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொன்னாள். ஹீட்டரைக் கடைசிவரை திருகினாள். இஞ்சினின் அனல் மொத்தமும் உள்ளே புகுந்து மூவர் முகத்திலும் அடித்தது.

"அடியே, அவிச்சுக் கொல்லப் போறியா!"

"அது சூட்டை நாம வாங்கிக்கிட்டா அது பொழச்சுக்கும். சும்மா இருங்க."

"நீங்க போங்க பெரியம்மா!" என்று கத்தினாள் கீர்த்தி. "மேக்கப்பு போனாப் போகுது!"

முள் கொஞ்சம் தயங்கியது. பிறகு சிவப்பை விட்டு நகர்ந்தது. கோவிலூர்க் கோபுரம் தெரிந்தபோது முள் நட்ட நடுவில் நின்றது. எந்த இடத்திலும் நிற்காமல், மேளக்காரர்கள் விலகி வழிவிட, கார் மண்டப வாசல்வரை போய் நின்றது. ஊருணியில் முங்கி எழுந்தவளைப் போல் இறங்கிய கீர்த்தி, பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பின்னால் வந்த வீரபாண்டியன் ஏசி குளிரில் மடிப்புக் கலையாமல் இறங்கி, அண்ணனின் நனைந்த சட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

நாகநாதன் வரவேற்புத் தட்டிலிருந்து சந்தனத்தைத் தொட்டார். காருக்குள் குனிந்து, ஹீட்டர் குமிழின் மேல் ஒரு பொட்டு வைத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா செம்மலை காரைச் சுற்றிவந்தார். "பழைய வண்டி போலருக்கே. எம்புட்டு ஓடியிருக்குத்தா?"

"மூணு லட்சத்து எழுபதாயிரம்ணே. நிலாவுக்கு இன்னுங் கொஞ்சந்தான் பாக்கி" என்றாள் பாண்டீஸ்வரி.

"அவ தப்பாச் சொல்றா சம்பந்தி" என்றார் நாகநாதன். "நடுவுல மீட்டர்ப் பல்சக்கரம் ஒடஞ்சு, ஒண்ணரை வருசம் மீட்டர்தான் ஓடல, வண்டி ஓடுச்சு. நிலாவத் தொட்டுட்டு இப்பத் திரும்பி வந்துக்கிட்டு இருக்கு."