விதானையாரின் துப்பல்

“நீர் ஆற்றை மோன்?” என்று கேட்டுக்கொண்டேதான் கதிரவேலு சைக்கிளிலிருந்து காலை ஊன்றுவார். தகப்பன் பெயர் போதாது. தகப்பனைப் பெற்ற பேரன் பெயரும் வேண்டும். பேரன் எந்த ஒழுங்கையில் பெண் எடுத்தார் என்பதும் வேண்டும். எல்லாம் கேட்டபின் “ஓ, அவையளே!” என்பார். அந்த ‘ஓ’ நீண்டால் நல்லது. குறுகினால் ஆபத்து.

சண்டிலிப்பாயில் முப்பது வருடம் விதானையாராக, ஊருக்கான அரசாங்க அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது எழுபத்தொன்று. போகும்போது அரசாங்கம் முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டது. ஊராரின் வம்சாவளியை வாங்க மறந்துவிட்டது. கலியாணம் பேசுகிறவர்கள் சாதகத்தைச் சாத்திரியாரிடம் காட்டிவிட்டு, பெயர்களை இவரிடம் கொண்டுவருவார்கள். “நான் ஒண்டும் சொல்லேல்லை. வடிவா விசாரிச்சுச் செய்யுங்கோ” என்பார். அந்த ஒரு வசனத்தால் நின்றுபோன கலியாணங்கள் நான்கு. நாலாவது பெண் இப்போது பண்டத்தரிப்பில் படிப்பிக்கிறாள். இவரைக் கண்டால் குடையைச் சாய்த்துப் பிடிப்பாள்.

கனடாவிலிருந்து வந்த மகள் தக்சாயினி மரபணுச் சோதனைக்கான ஒரு சின்னக் குழாயை நீட்டினாள்.

“இதுக்குள்ளை துப்புங்கோ அப்பா. எங்கடை பரம்பரை முழுக்கத் தெரியும்.”

“எனக்குத் தெரியாததை உந்தக் குழாய் சொல்லப்போகுதே?”

என்றாலும், வெள்ளைக்காரனே அத்தாட்சிப்படுத்தினால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றொரு ஆசை. கோடு வரைக்கும் துப்பினார்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. தென்னிந்தியா, இலங்கை என்று பொதுவாகப் போட்டிருந்தார்கள். “உலகத்தையே பிரிச்சு மேஞ்சவனுக்குச் சண்டிலிப்பாய் தெரியேல்லை” என்று கதிரவேலு கோபப்பட்டார். கூடவே நூற்றுக்கு மூன்று வீதம் போர்த்துக்கல். “அண்டைக்குப் போர்த்துக்கேயன் கொண்டுவந்த பாண் ரொட்டியைச் சாப்பிட்டிட்டுத் துப்பினனான். அதுதான்” என்று அதையும் தீர்த்துவைத்தார்.

கனடாவுக்குத் திரும்பியிருந்த தக்சாயினி தொலைபேசியில் செருமினாள்.

“இன்னொண்டும் இருக்கப்பா. உங்களுக்கு ஒரு அண்ணை இருக்கிறாராம்.”

“ஒண்டுவிட்ட அண்ணையோ?”

“இல்லை. அப்பப்பான்ரை சொந்த மகன். தாய் வேறை. சூசைதாசன் எண்டு பேர். மாதகலிலை கடற்றொழில் செய்தவராம். அவற்றை மகனும் கனடாவிலைதான். அவன்தான் தகப்பனைத் துப்ப வைச்சவன்.”

கதிரவேலுவின் தகப்பன் புகையிலை வியாபாரி. சுருட்டுக் கட்டுகளோடு கடற்கரைப் பக்கம் போனால் ஒரு கிழமை கழித்துத்தான் வருவார். மூத்த பிள்ளை என்று அவருக்குக் கொள்ளி வைத்த கதிரவேலு, தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, காணி உறுதிப் பத்திரங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தார். மூன்று நாள் சைக்கிள் வெளியே வரவில்லை.

நாலாம் நாள் சூசைதாசனே தொலைபேசியில் அழைத்தார்.

“விதானையார், நான் காணி பூமி கேக்க எடுக்கேல்லை. போன வருஷம் எனக்கு நெஞ்சடைச்சது. இரத்தத்திலை கொழுப்பாம், பரம்பரையா வாறதாம். அம்மான்ரை பக்கத்திலை ஒருத்தருக்கும் இல்லை. அப்ப மற்றப் பக்கம்தானே? நீங்களும் ஒருக்கா சோதிச்சுப் பாருங்கோ.”

“ம்” என்று மட்டும் சொன்னார் கதிரவேலு. அண்ணை என்று கூப்பிடாமலே தொலைபேசியை வைத்தார்.

தகப்பன் ஐம்பத்தொரு வயதில் புகையிலைத் தோட்டத்துக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். பக்கத்து வளவார் செய்த செய்வினை என்பது வீட்டார் தீர்ப்பு. அந்த வளவாரோடு ஐம்பது வருடமாகக் கதை பேச்சு இல்லை. இப்போது யாரோடு கோபிப்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

தெரிந்த முகம் இருக்காது என்று நம்பி, யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு தனியார் வைத்தியரைத் தேடிப் போனார். வெளியே, காத்திருப்போருக்கான வாங்கில் ஊரவர்கள் மூன்று பேர் குந்தியிருந்தார்கள். மூவரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

இரத்த முடிவைப் பார்த்த பெண் வைத்தியர் நெற்றியைச் சுருக்கினார்.

“கொழுப்பு நல்லாக் கூடியிருக்கு, ஐயா. நல்லகாலம் இப்பவே வந்திட்டியள். குடும்பத்திலை ஆருக்கும் நெஞ்சு வருத்தம் இருக்கே?”

“அப்பாவுக்கு.”

“வேறை ஆருக்கும்?”

கதிரவேலு எழுந்துபோய், திறந்திருந்த கதவைச் சாத்தினார். திரும்பி வந்து இருந்தார். வைத்தியர் நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, ‘சகோதரம்’ என்றிருந்த கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.