பூட்ஸ் பாலிஷ் மீசை

பேரன் வேலைக்குக் கிளம்புமுன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அந்த நெடி மூக்கில் ஏறியதும், மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டு ராமு மாமாவின் மீசை நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது, மாமாவுக்கு எழுபது. திடீரென்று அவர் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார். மீசை வளர்த்து, அதற்குக் கறுப்புப் பூட்ஸ் பாலிஷ் தடவினார். டென்னிஸ் மட்டையைச் சுழற்றியபடி மாடவீதியில் நடப்பார். வெயிலில் பாலிஷ் உருகி உதட்டில் வழியும். தெருவே சிரித்தது.

"கிழத்துக்கு மாப்பிள்ளை ஆசை வந்துடுத்து" என்றாள் என் அத்தை.

ஒரு சாயங்காலம் அம்மாவோடு அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. படுக்கையில் கிடந்த மாமிக்குப் புத்தி தடுமாறியிருந்தது. எப்போதோ காய்ச்சலில் இறந்துபோன மகன் சீனு வந்தால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தாளாம். சீனு மாதிரியே கிராப்பும் மீசையுமாய், அவன் டென்னிஸ் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சாப்ட்டாத்தாம்மா நானும் சாப்பிடுவேன்" என்று ரசஞ்சாதத்தை ஊட்டினார்.

இரண்டு வாய் வாங்கிக்கொண்ட மாமி, சட்டென்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்கள் தெளிந்திருந்தன.

"ஏன்னா, இதென்ன கோலம்? சீனு எங்கே?"

மாமா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அவர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. அந்த வாரமே மாமி போய்விட்டாள். இப்போதும் வீட்டில் யாராவது திரும்பி வர நேரமானால், 'எங்கே?' என்று அவள் கேட்ட கேள்விதான் என் வாயில் வந்து நிற்கிறது. கேட்கப் பயந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.