பதினைந்தாம் நாள் உரம்

ஈரம் பட்ட யூரியாவின் நெடி மூக்கில் ஏறினால் போதும், அண்ணன் வந்து நின்றுவிடுகிறார். அவர் போய் ஓராண்டாகிறது. பாக்கார் ஆராங்கில் உள்ள எங்கள் வீட்டில், காருக்குப் பக்கத்தில் கிடக்கும் கடைசி உர மூட்டையை நகர்த்த யாருக்கும் மனமில்லை.

செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்மரம் சீவிய குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தவர். அப்பா போனதும் எண்ணெய்க்கான செம்பனை நாற்றங்காலில் வேலைக்கு நின்று என்னைப் படிக்க வைத்தார். தோட்டம் கைமாறியபோது, மலாய்க்காரர் ஒருவரின் நெல்வயலைக் குத்தகைக்கு எடுத்தார்.

“பால்மரத்து ஆளுக்கு நெல்லப் பத்தி என்னா தெரியும் லா?” சொந்தங்களே சிரித்தன.

அண்ணன் வயலில் நான்கு பாத்தி பிரித்தார். இரண்டில் மருந்தில் ஊறிய விதை, இரண்டில் வெறும் விதை. இரு வகையிலும் ஒரு பாத்திக்கு விதைத்த பதினைந்தாம் நாள் உரம். மற்றதற்கு ஒரு வாரம் தள்ளி. மருந்து விதை சீராக எழுந்தது, வெறும் விதையில் அங்கங்கே சொட்டை. உரம் பிந்திய பாத்திகளிலோ, எந்த விதையானாலும், தூர் கட்டிக் கிளைக்கவில்லை. அன்று முதல் அண்ணனுக்குப் பதினைந்தாம் நாள் தெய்வ வாக்கு.

சென்ற ஆண்டு அவருக்குச் சோறு விழுங்க வலித்தது. உள்ளே குழாய் விட்டுப் பார்க்க அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். அது விதைத்த பதினைந்தாம் நாள்.

“ஆள் வச்சுப் போட்டுக்கலாம், நீங்க போங்க,” என்றார் அண்ணி.

“ஆளு ஒரு பக்கம் கொட்டுவான், ஒரு பக்கம் விட்டுருவான். தம்பி, நீ போன் அடிச்சு நாள மாத்து.”

அடித்தேன். மலாய் சரளமாக வரும் வாய் எனக்கு. அடுத்த வாரமே வரலாம் என்றார்கள். அண்ணன் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார், கடைசி உரம் முடியட்டும் என்று. அதையும் நானே சொன்னேன். பயிர் செழித்தது. தொண்டைக்குள் இருந்ததும் செழித்தது. கதிர் முற்றுமுன் அண்ணன் படுக்கையில் விழுந்தார்.

அறுவடையை முடித்துக் கொடுத்த பக்கத்து வயல் மலாய் அன்பர்களுக்கும், தினம் கஞ்சி கொண்டுவந்த தோட்டத்து உறவுகளுக்கும், சிதை வரை தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். டாக்டர் குறித்த நாளை எதற்காகவும் மாற்றாதீர்கள்.

கடைசி மாலையில் அவர் கையைப் பிடித்துக் கேட்டேன்: “எம்மேல கோவமாண்ணே?”

குரல் காற்றாகத்தான் வந்தது.

“கோவம் இல்லடா. ஆனா அன்னைக்கு நீ என் பேச்சக் கேட்டிருக்கக் கூடாது.”