இருபது வீட்டுக் கையெழுத்து

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, லைன் லீடராக உயர்ந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவள் குணவதி. ஐம்பத்து மூன்று வயதில் இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் அவளே ஒரு வேலையைத் தேடிப் பிடித்தாள். தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தபடியே எடுத்து, நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. தமிழ், மலாய், ஆங்கிலம், மார்க்கெட்டில் கற்ற ஹொக்கியன் சீனம் என்று நான்கு மொழியிலும் சமாளிப்பாள்.

அவளுடைய வாய் நன்றாகத்தான் வேலை செய்தது. இணையம்தான் செய்யவில்லை.

கெலுகோரில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக்கு ஒரே ஒரு கேபிள் கம்பெனிதான். மழை பெய்தால் அறுந்தது. வெயில் அடித்தாலும் அறுந்தது. கைப்பேசி இணையமோ வராந்தாவின் கோடிக்குப் போனால்தான் எட்டிப் பார்க்கும். ஃபைபர் கம்பெனி ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பிளாக்கில் அது வைத்த பெட்டியில் எட்டு இணைப்புக்குத்தான் இடம், எட்டும் நிரம்பிவிட்டது.

கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டால், "மோடத்த அடைச்சுட்டு மறுபடி தொறங்க" என்பார்கள்.

"தொறந்து அடைச்சு தொறந்து அடைச்சு சுவிட்சே தேஞ்சு போச்சு லா!" என்பாள் குணவதி.

மேலதிகாரி ரூபினி அவளைவிட இருபது வயது இளையவள், நல்ல பெண்தான். "அக்கா, போன மாசம் மட்டும் முப்பத்தொரு கால் பாதியில கட் ஆயிருக்கு. ஹார்ட் பேஷண்ட் ஒருத்தரு டாக்டர் பேரைச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே போச்சாம். இந்த மாசமும் இப்படியே இருந்தா மேல உள்ளவங்க வேற ஆள் போட்டுருவாங்க. நான் ஒன்னும் பண்ண முடியாது."

குணவதி ஃபைபர் கம்பெனிக்குப் போய் விசாரித்தாள். ஒரே பிளாக்கில் இருபது வீடு கேட்டால் புதுப் பெட்டி வைப்போம் என்றார்கள். அவ்வளவுதானே! ஒரு தாளில் கோடு போட்டு, வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், போன் நம்பர், கையெழுத்து என்று நாலு கட்டம் பிரித்தாள். வேலை முடிந்த கையோடு மாடி மாடியாக ஏறினாள். மூன்றே நாளில் இருபத்திரண்டு வீடு. தாளைக் கொடுத்துவிட்டு வந்த அன்று தனக்குத்தானே நாசி கண்டார் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு வாரத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். கவுண்டரில் ஷர்மினி என்று பெயர் குத்தியிருந்த பெண் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஆன்ட்டி, இதை எடுத்துக்க முடியாது. உங்க வீட்டத் தவிர மத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிக் கேட்டோம். ஒம்பது பேரு உயிரோடவே இல்லியாம். செத்தவங்க எப்படி ஆன்ட்டி கையெழுத்துப் போடுவாங்க? பொய்க் கையெழுத்துன்னு எங்க பாஸ் சொல்றாரு."

குணவதிக்குக் காது மடல் சுட்டது. தொழிற்சாலையில் ஒரு தாளில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள். தாளைப் பார்த்தாள். முதல் வரிசையிலேயே அவள் கையெழுத்து. பக்கத்தில் குடும்பத் தலைவர்: நல்லமுத்து. அவள் புருஷன். இறந்து ஆறு வருடமாகிறது. எழுதும்போது அவள் யோசிக்கவேயில்லை. அந்தக் கட்டத்துக்கு அந்தப் பெயர்தான் என்று கை தானாகவே எழுதியிருந்தது.

"பொய் இல்லமா," என்றாள். "கட்டம் போட்டது நான். தப்பு என்னோடது. எந்தத் தேதி வரைக்கும் டைம் இருக்கு?"

"வெள்ளிக்கிழமை."

இரண்டு நாள். அன்றைக்கே புதுத் தாள் போட்டாள். இந்த முறை குடும்பத் தலைவர் கட்டமே இல்லை; அந்த இடத்தில், கேட்பவர் பெயர். தன் பெயரை எழுதிவிட்டு, மற்ற ஒன்பது விதவைகளின் வீட்டுக்கும் முதலில் போனாள். எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் மாடி நல்லம்மாள்தான் பேனாவைத் தொடவில்லை.

"கரண்டு, தண்ணி எல்லாம் அவரு பேர்லதான்டி இருக்கு. மாத்துனா கோவிச்சுக்குவாரு."

"பத்து வருஷம் முன்னாடி போனவரா கோவிச்சுக்கப் போறாரு?"

"இருந்தப்பவே எல்லாத்துக்கும் கோவிச்சுக்குவாரு. உனக்குத் தெரியாது."

"அப்ப இதுக்கும் சேத்துக் கோவிச்சுக்கட்டும்க்கா. மவன் சிங்கப்பூர்லேர்ந்து வீடியோ கால் பண்ணா மூஞ்சி பாதியிலயே நின்னுபோவுதுன்னு யாரு என்கிட்ட அழுதது?"

நல்லம்மாள் பேனாவை வாங்கினாள். தன் பெயரை எழுத்துக் கூட்டி, நிதானமாக, கட்டத்துக்கு வெளியே வழிய வழிய எழுதினாள். எழுதியதைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இருபத்திரண்டு பெயரும், இருபத்திரண்டு அடையாள அட்டை நகலும் ஷர்மினியின் மேசையில் இருந்தன. ஷர்மினி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முத்திரை குத்தினாள். "நீங்க எங்க கம்பெனியில சேந்திருக்கலாம் ஆன்ட்டி" என்றாள். "நீங்க ஒழுங்கா பெட்டி வெச்சிருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?" என்று கேட்டுவிட்டு வந்தாள் குணவதி.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. கம்பியை அவள் இருந்த ஏழாவது மாடிக்கு இழுத்த ஃபிக்ரி என்ற பையன், பச்சை விளக்கு எரிந்ததும், "சுடா, மக்சிக்" என்று, வேலை முடிந்ததை மலாயில் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டான். மறுநாள் குணவதி எழுபத்து மூன்று அழைப்பு எடுத்தாள். ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. அந்த ஆறு நாளும் அப்படியே போனது. மாதக் கடைசியில் ரூபினியிடமிருந்து செய்தி வந்தது: 'அக்கா, அடுத்த மாச ஷெட்யூல்ல உங்க பேரு இருக்கு.' குணவதி அதை இரண்டு முறை படித்தாள். பதிலுக்கு 'ஓகே' என்று மட்டும் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர்ப் பிளாக்கிலிருந்து மூன்று பெண்கள், கையில் வெற்றுத் தாள். "அக்கா, எங்களுக்கும் அந்த மாதிரி ஒன்னு எழுதிக் குடுங்களேன்."

ஹெட்செட் குணவதியின் காதில் இருந்தது. மறுமுனையில் கெப்பாலா பத்தாஸிலிருந்து யாரோ எலும்பு டாக்டரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மைக்கைக் கையால் பொத்தினாள்.

"ஒரு மணிக்குத்தான் எனக்கு பிரேக்கு. அப்ப வாங்க. எழுதறது நீங்கதான், எப்படின்னு நான் சொல்றேன்."

கதவைச் சாத்திவிட்டு, "செவ்வாய்க்கிழமை பத்தரை மணி உங்களுக்குச் சரியா இருக்குமா சார்?" என்று கேட்டாள்.