அம்மன் பல்லக்கை ஓட்டியது யார்?

சுய்-பூன் அண்ணன் தன் ஐம்பத்தாறு வயதில் ஒருவரையும் அவரவர் போக்கில் போகவிட்டதில்லை. ஊரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். பழகுகிறவர் இடப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்க்க, வலப்பக்கம் தனக்கென்று தனி பிரேக் ஒன்றோடு இவர் உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷம் அப்படி உட்கார்ந்து பழகியதில், வண்டியை விட்டு இறங்கினாலும் இறங்காத மாதிரிதான். முடிவெட்டுகிறவரிடம், "லேசா லெஃப்ட்ல வாங்க... போதும், நிறுத்துங்க" என்பார். கல்யாண விருந்தில் முழு மீன் தட்டோடு வருகிற பெண்ணுக்கு நாற்காலிகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கக் கைகாட்டுவார். எனக்கும் வண்டி பழக்கியவர் அவர்தான். இன்றைக்கும் முக்குத் திரும்பும்போது என் காதில் அவர் குரல் கேட்கும்.

இப்படிப்பட்ட மனிதரின் தோளில்தான் பத்தொன்பது வருஷமாகக் கடல் தெய்வம் மாசூ அம்மன் பல்லக்கின் தண்டு இருந்தது. முன்பக்கம், இடது தண்டு.

தைவானின் மேற்குக் கரையில் சிப்பியும் பூண்டும் விளைகிற ஊர் எங்களுடையது. எங்கள் மாசூ வருஷத்துக்கு ஒருமுறை புறப்பட்டுத் தெற்கே பெரிய கோயிலுக்குப் போய் ஐந்தாம் நாள் திரும்புவாள். புறப்படும் நாள் தெரியும், சேரும் இடம் தெரியும். நடுவில் எந்தத் தெரு, யார் வீட்டு வாசல் என்பது யாருக்கும் தெரியாது. முக்கு வந்தால் பல்லக்கு முன்னும் பின்னும் மூன்று முறை ஆடும். பிறகு ஏதோ ஒரு பக்கம் பாயும். பின்னால் மூவாயிரம் பேர் ஓடுவோம். தூக்குகிற நாலு பேரைக் கேட்டால் ஒரே பதில்தான்: "நாங்க எங்க ஓட்டுறோம்? அவ இழுக்கிறா, நாங்க போறோம்."

யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை, போன வருஷம் வரைக்கும். போன வருஷம் நடுச்சாலையில் போய்க்கொண்டிருந்த பல்லக்கு சட்டென்று திரும்பிச் சுய்-பூன் அண்ணனின் டிரைவிங் ஸ்கூலுக்குள் நுழைந்தது. நுழைந்ததோடு நின்றதா? பரீட்சை மைதானத்தில் இருக்கும் 'எஸ்' வளைவில் இறங்கியது. கோட்டை மிதித்தால் மணி அடிக்கும் வளைவு அது. நானே ஏழு முறை அடித்திருக்கிறேன். அம்மன் போனபோது ஒரு மணிகூட அடிக்கவில்லை. வளைவை முடித்து, பின்பக்கமாகவே நகர்ந்து, வண்டி நிறுத்தும் கட்டத்துக்குள் கச்சிதமாகப் போய் நின்றாள். கூட்டம் கைதட்டியது. அந்தப் படம் எல்லார் போனிலும் சுற்றியது. அடுத்த மாதம் ஸ்கூல் வாசலில் வரிசை நின்றது.

வலது தண்டைப் பிடித்திருந்தவர் உரக்கடை கான் திங்-கோக். கோயில் கமிட்டியில் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"அம்மனுக்கு லைசென்ஸ் எதுக்குய்யா? ஆயிரம் வருஷமா கடல்ல கப்பலுக்கே வழி காட்டுறவ. இவரு அவளுக்குப் பார்க்கிங் சொல்லித் தர்றாரு!"

"நான் ஓட்டல," என்றார் சுய்-பூன் அண்ணன்.

"ஓட்டாம 'எஸ்' எப்படி வரும்? வலது தண்டு என் தோள்ல இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீங்களும்தான ஓட்டியிருக்கீங்க?"

கமிட்டித் தலைவி சாய்-இங் அக்கா சிப்பி வியாபாரம் செய்கிறவர், வளவளப்பு பிடிக்காது. அம்மனையே கேட்டுவிடலாம் என்று பிறைக்கட்டை இரண்டையும் எடுத்துப் போட்டார். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் 'ஆமாம்'. இரண்டும் கவிழ்ந்தால் 'இல்லை'. இரண்டும் மல்லாந்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம். மூன்று முறை போட்டார். மூன்று முறையும் சிரித்தாள்.

"இவளை நம்பி ஒண்ணும் ஆகாது," என்று அக்கா கட்டையை உள்ளே வைத்துவிட்டார்.

கோயில் பதிவேடு எழுதுவது என் வேலை. தமிழும் இலக்கியமுமாகப் படிக்கிற பையன்கள் உங்கள் ஊரில் இருப்பதுபோல, எங்கள் பேச்சும் இலக்கியமும் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். எங்கள் பூண்டு வயல் குடும்பத்தில் முதல் பட்டம். ஆகவே அன்று தொல்லை என் தலையில் விடிந்தது. பல்லக்கு ஸ்கூலுக்குள் போனதைப் பதிவேட்டில் என்ன வார்த்தை போட்டு எழுதுவது?

"'வழிகாட்டினார்'னு எழுது," என்றார் ஒருவர்.

"அம்மனுக்கு இவரு வழிகாட்டினாராமா? நாக்கு அழுகிடும்."

"சரி, 'அழைத்துச் சென்றார்'."

"அழைச்சுட்டுப் போக அம்மன் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?"

நான் தெரிந்ததை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தேன். அழைத்துப் போனால் இருவரும் சேர்ந்து போகிறார்கள். நடத்திச் சென்றால் ஒருவர் பொறுப்பாளி. இழுத்தால் மற்றவருக்கு இஷ்டமில்லை. திருப்பினால் ஒரு முக்கு போதும். ஓட்டினால் வழி முழுக்க அவர் கையில். செலுத்தினால் அதே ஓட்டுவதுதான், கொஞ்சம் மரியாதையாக.

"படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்," என்றார் சாய்-இங் அக்கா. "ஆறு சொன்னான், ஒண்ணும் தீரல."

அவரே தீர்ப்புச் சொன்னார். அந்த இடத்தை வெறுமையாக விடுவது. இந்த வருஷமும் சுய்-பூன் அண்ணன் தண்டு பிடிக்கலாம். ஆனால் அவர் பல்லக்கைத் திருப்பினார் என்று தெரிந்தால் அன்றைக்கே தண்டு வேறு தோளுக்குப் போகும்.

அண்ணனுக்கு அது உயிர்போகிற விஷயம். தண்டு பிடிக்கிறவரை ஐந்து நாள் தெருவோரம் மண்டியிட்டு வணங்குகிறார்கள். மற்ற முந்நூற்று அறுபது நாளும் "பல்லக்கு அண்ணன் வர்றாரு" என்று வழிவிடுகிறார்கள். புறப்பாட்டுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பயிற்சி எடுத்தார். என்ன பயிற்சி? எதையும் திருப்பாமல் இருக்கும் பயிற்சி. பழகுகிறவர்கள் வேலியில் இடித்தார்கள். இவர் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நாலு வண்டிக்கு முகப்பு போயிற்று.

அவர் மனைவி பெக்-ஹா அண்ணிக்கு இந்த வருஷம் முழங்காலில் ஆபரேஷன். ஊர்வலத்தோடு நடக்க முடியாது. அதனால் வாசலில் மேசை போட்டு, ஆரஞ்சும் ஆமை வடிவச் சிவப்புப் பணியாரமும் அடுக்கி, ஊதுபத்தி ஏற்றிக் காத்திருந்தார்.

"அவ இந்தப் பக்கம் வரமாட்டா. எடுத்து உள்ள வை," என்றார் அண்ணன்.

"வரமாட்டாள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் ஓட்டலையே?"



முதல் நாள் காலை, ஊர் எல்லை முக்கு. வலப்பக்கம் போனால் அண்ணன் வீட்டுச் சந்து. நேரே போனால் தெற்குச் சாலை. இடப்பக்கம் கான் திங்-கோக்கின் உரக்கடை. பட்டாசுப் புகைக்கு நடுவே பல்லக்கு வந்தது. ஆடியது. ஒன்று, இரண்டு, மூன்று. பாய்ந்தது வலப்பக்கம், சந்தைப் பார்த்து. சந்தின் கோடியில் அண்ணி கையைக் கூப்பிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணன் முகம் வெளுத்தது. நான் ஆறடி தூரத்தில் நின்று பார்த்தேன்: அவருடைய வலது கால் தானாக நீண்டு, இல்லாத பிரேக்கைத் தார்ச்சாலையில் ஓங்கி மிதித்தது. மிதித்த வேகத்தில் உடம்பு முழுவதையும் இடப்பக்கம் சாய்த்தார்.

"எங்கய்யா போறீங்க?" என்று பின்தண்டு ஆட்கள் கத்தினார்கள். பல்லக்கு அரைவட்டம் அடித்து, சாலையைக் கடந்து, கான் திங்-கோக்கின் கடைக்குள் புகுந்து, அடுக்கியிருந்த யூரியா மூட்டைகள் மேல் மோதி நின்றது.

கூட்டம் வாயைப் பிளந்தது. கான் திங்-கோக் வலது தண்டோடு தன் கடைக்குள்ளேயே நின்றார். மூட்டை கிழிந்து வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. அவர் கண்ணில் நீர் கொட்டியது.

"என் கடைக்கு வந்துட்டா," என்றார். "இருபத்தஞ்சு வருஷமாத் தூக்குறேன். இன்னிக்குத்தான் வந்திருக்கா."

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றபோது கமிட்டி அங்கேயே கூடியது. பின்தண்டு ஆட்கள் இருவரும், "சுய்-பூன் திருப்பினாரு, நாங்க பார்த்தோம்" என்றார்கள். எழுந்தவர் யார் தெரியுமா? கான் திங்-கோக்.

"பொய்! அவரு ஒரு அங்குலம்கூடத் திருப்பல. அம்மன் தானா வந்தா!"

"போன வருஷம் நீங்கதானய்யா ஓட்டினாருன்னு சொன்னீங்க?"

"போன வருஷம் போன வருஷம். இவரு ஓட்டத் தெரியாத ஆளு. இவரு பழக்கின பசங்களைப் பாருங்க, எல்லாம் வேலியில இடிக்குது!"

சுய்-பூன் அண்ணன் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவரையும் அவரையும் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தண்டு தப்பிவிடும். எதிரியே வக்கீலாக நிற்கிறார், வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் யாரோ ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுவர, கைத்தடியோடு பெக்-ஹா அண்ணி இறங்கினார். நேரே அண்ணனிடம் வந்தார்.

"அவ வந்தாளா இல்லையா?"

"ம்..."

"சந்து வாசல் வரைக்கும் வந்தாளே. நான் கண்ணால பார்த்தேன். பணியாரத்தை வேணான்னுட்டுத் திரும்பிட்டாளா? நான் என்ன தப்பு செஞ்சேன்? அதை மட்டும் சொல்லுங்க."

கான் திங்-கோக், "தங்கச்சி, அம்மன் இஷ்டம்..." என்று தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே."

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அவ உன்கிட்டதான் வந்தா," என்றார். "நான்தான் திருப்பினேன். ஊர் பேசுமேன்னு பயந்துட்டேன்."

"அய்யோ, இந்தாள் பொய் சொல்றாரு!" என்று கான் திங்-கோக் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

சாய்-இங் அக்கா விடவில்லை. "போன வருஷம்?"

"போன வருஷம் சத்தியமா நான் இல்லக்கா. இந்த வருஷம் நான்தான்."

"இதை ஒத்துக்கிட்டவரு அதுக்குப் பொய் சொல்லமாட்டாரு, போதும்." என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ. போன வருஷத்துக்கு 'எழுந்தருளினாள்'. இந்த வருஷத்துக்கு 'திருப்பினார்'."

எழுதினேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "கோடு கோணலாப் போகுது, நேராப் பிடி" என்றார்.

அன்று மதியமே தண்டு எங்கள் ஊர்த் தபால்காரரின் தோளுக்குப் போனது. மீதி நாலு நாளும் அண்ணன் ஊர்வலத்தில் வரவில்லை. வீட்டில் பெக்-ஹா அண்ணியோடு பணியாரம் சாப்பிட்டார் என்று கேள்வி. அண்ணி தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாராம்.

ஐந்தாம் நாள் அம்மன் ஊர் திரும்பினாள். வழக்கம்போல ஜனங்கள் நடுச்சாலையில் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். பல்லக்கு அவர்கள் முதுகுக்கு மேலே போகும், அதுதான் அம்மன் ஆசீர்வாதம். வரிசையில் பாய் விரித்து அண்ணி குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் கையை ஊன்றிச் சுய்-பூன் அண்ணன். பத்தொன்பது வருஷம் மேலே தூக்கிப் போனவர், கீழே கிடந்தது அதுதான் முதல் முறை.

மேளம் நெருங்கியது. அண்ணன் தலையைத் தூக்கினார். "தபால்காரரே, லேசா லெ..."

அண்ணியின் கை அவர் பிடரியில் விழுந்து தலையை அமுக்கியது.

பல்லக்கின் நிழல் அண்ணி மேலே போனது, அண்ணன் மேலே போனது, அடுத்த ஆளுக்குப் போனது.

"எந்தப் பக்கம் திரும்புறா?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டார் அண்ணன்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் அண்ணி. "நானும் தரையிலதான கெடக்கேன். பேசாம கும்பிடுங்க."