பம்பு இல்லாத கார்

காஜா பெராங் வட்டாரத்தில் நல்லையாவின் பட்டறைக்குக் கதவு கிடையாது. நான்கு மரத்தூண், மேலே தகரம், நடுவே ஒரு குழி, அவ்வளவுதான். ஆனால் மலாக்காவில் ஓடிய லாரிகளில் பாதி அந்தக் குழிக்கு மேல் ஒரு தடவையாவது நின்றிருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோலுக்கு ஊரே அலைந்தபோது, அடுப்புக்கரிப் புகையில் லாரியை ஓட்டிக் காட்டிய ஆள் அவர். நீளமான ஸ்குரு டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, எந்த வால்வு தட்டுகிறதென்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காத மனிதருக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், லாரிதான் சொல்லிக்கொடுத்தது என்பார்.

சுதந்திரம் வந்த வருடம் அந்தக் குழிக்கு மேல் ஒரு பச்சைக் கார் வந்து நின்றது. சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. யுத்தத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, மூக்கு மட்டும் முக்கால் கார் நீளம். வாங்கியவர் துணிக்கடை காதர் மைதீன். மகள் ஆயிஷாவின் நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை ஷம்சுதீனை அந்தக் காரில்தான் ஜாலான் துக்காங் எமாஸ் பள்ளிவாசலுக்கு ஊர்வலமாக அழைத்துப் போவது என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மென்று விழுங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

முதல் தடவை ரேடியேட்டர் சொட்டுகிறதென்று வந்தது. நல்லையா ஒரு டீ ஆறுவதற்குள் சொட்டை நிறுத்தி அனுப்பிவிட்டார். ஒரு மாதம் கழித்து, கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், கார் மறுபடியும் வந்தது. ஓடும்போது சாதுவாக இருந்தது. எஞ்சினை அணைக்காமல் ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும், மூடி வழியாக ஆவி சீறியது. ஊர்வலமோ கொம்பாங் பறை தட்டுகிறவர்களின் நடைக்கு நகர வேண்டியது. கூட்டத்தின் நடுவே மாப்பிள்ளையோடு கார் கொதித்து நின்றால் காதர் மைதீனின் மானம் போகும். நல்லையாவை நம்பி அதன்பிறகு யாரும் கார் விடமாட்டார்கள்.

தண்ணீரைச் சுற்றவிடும் பம்பில்தான் கோளாறு என்று நல்லையா முடிவு கட்டினார். தேடினால் பம்பையே காணோம். எவனோ கழற்றி விற்றிருக்கிறான் என்று, யோசிக்காமல் காதர் மைதீனிடம் ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பிவிட்டார். அந்த அவசரப் புத்தி அவருக்குப் பிறவிக் குணம்.

மத்தியானம் நிதானமாகக் குனிந்து பார்த்தபோதுதான் உறைத்தது. பம்பு இருந்திருந்தால் அதை மாட்டிய துளை எங்கே? துளையுமில்லை, தாங்கியுமில்லை. செய்தவன் பம்பே வைக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு மேல் குழாயைத் தொட்டார், சுட்டது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது. ரேடியேட்டரில் ஆறிக் கனத்துக் கீழே இறங்குகிறது. இறங்கியது மறுபடி எஞ்சினுக்குள் போய்ச் சூடாகி ஏறுகிறது. உலையில் அரிசி மேலே வந்து புரண்டு கீழே போவதைத் தினமும் பார்த்தவர்தான். அதைக் கொண்டு ஒரு காரை ஓட்டலாம் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே! அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரும் தள்ளாமல் ஓடும் அந்தத் தண்ணீருக்குக் கும்பிடு போடலாம் போலிருந்தது.

அப்புறம் கீழ்க் குழாயைத் தொட்டார். வெதுவெதுப்புக்கூட இல்லை. நடுவில் எங்கோ அடைப்பு. குழாயைக் கழற்றினார். மஞ்சள் குழம்பாக ஒரு சேறு பொத்தென்று விழுந்தது.

அது போன மாதம் அவரே போட்ட மஞ்சள்தூள். ரேடியேட்டர் சொட்டினால் ஒரு கைப்பிடி மஞ்சள்தூளைக் கொட்டி ஓட்டையை அடைப்பது லாரிக்காரர்களின் வழக்கம். லாரியில் பம்பு இருக்கிறது, எந்தக் குழம்பையும் தள்ளிவிடும். இந்தக் காரின் தண்ணீர் தன் சூட்டை மட்டும் நம்பி நடக்கிறது. அதன் வழியில் குழம்பு காய்ச்சி ஊற்றியது அவர் கை.

ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தினார். சலவைச் சோடாக் கரைசலை ஊற்றி ஊறவைத்து, மஞ்சள் நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினார். சொட்டிய இடத்தை இந்தத் தடவை ஈயம் வைத்து ஒழுங்காகப் பற்றவைத்தார். மறுநாள் காலை ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். ரேடியேட்டர் மூடிமேல் இருந்த சூட்டுமானி பாதிக்குமேல் ஏறவில்லை.

வேறு பம்பு போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. எவருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் துணிக்கடைக்குப் போனபோது, பம்பைத் திருடியது துரைதான் என்று நினைத்து அவருக்குக் காதர் மைதீன் காரசாரமாக ஒரு கடிதம் எழுதி முடித்திருந்தார். நல்லையா நின்றபடியே சொன்னார்:

"அந்தக் கடிதாசியப் போடாதீங்க மொதலாளி. பம்பு களவு போவல. இந்தக் காடிக்குப் பம்பே கெடையாது. மஞ்சளக் கொட்டிக் கெடுத்தது நான்தான்."

காதர் மைதீன் பேனாவை மூடினார். "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

காதர் மைதீன் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "ஊர்வலத்துல நீங்கதான் ஓட்டணும். கொதிச்சா அத்தன பேருக்கு முன்னால நீங்களே நில்லுங்க."

நல்லையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ரேடியேட்டருக்கு முன்னால் பூமாலையைத் தொங்கவிட வந்த உறவினரை, காற்றை மறைக்கும் என்று தடுத்து, அதைக் கண்ணாடிச் சட்டத்தில் கட்டச் சொன்னார். பக்கத்தில் ஷம்சுதீன் மாலையோடு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். கொம்பாங் முழங்க, பைத்து என்னும் வாழ்த்துப் பாட்டைப் பாடுகிறவர்கள் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்றார்கள். கார் அவர்களோடு நின்றது, அவர்களோடு நகர்ந்தது. ஊரெல்லாம் மாப்பிள்ளையைப் பார்த்தது. நல்லையா சூட்டுமானியை மட்டும் பார்த்தார். பாதியிலிருந்து முள் ஒரு நூல் ஏறியது. அப்புறம் முள் அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருப்பதை நினைத்தபோது, கையிலிருந்த ஸ்டியரிங் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடிக்கக்கூடக் கூசியது.

பள்ளிவாசல் வாசலில் மாப்பிள்ளையை இறக்கி அழைத்துப் போனார்கள். கார் வைத்திருந்த கடைக்காரர்கள் ஐந்தாறு பேர் காரைச் சூழ்ந்து நின்றார்கள். நல்லையா இறங்கி ஓரமாக ஒதுங்கப் பார்த்தார். காதர் மைதீன் அவர் தோளைப் பிடித்து அவர்கள் முன்னால் நிறுத்தினார்.

"இவுரு நல்லையா. காடி கெட்டா கண்ண மூடிக்கிட்டு இவுருகிட்ட உடுங்க. கெடுத்தது இவுராவே இருந்தாலும் இவுரே சொல்லிடுவாரு."

நல்லையா எஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார்.