ஸ்பேனர் வீட்டுக்கு வந்த விலை

அந்த வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிட்டது கிடையாது. நகரம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத காலத்தில் அப்பா ஒரு மூலை மனையை வாங்கிப் போட்டு, கையில் பணம் வந்தபோதெல்லாம் ஒவ்வொரு சுவராக எழுப்பிய வீடு. முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் இரண்டு படுக்கையறை, ரயில்பெட்டி மாதிரி நீளமான சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு சிமெண்டுத் தரை. அழகு என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் குழாய் சொட்டாது, ஜன்னல் கொக்கி நழுவாது, எத்தனை மழை அடித்தாலும் கூரையில் ஒரு பொட்டு ஈரம் தெரியாது.

எல்லாம் அந்த வீட்டின் கடைசிப் பிள்ளையின் கைவேலை. தெருவில் அவரை ஸ்பேனர் என்றால்தான் தெரியும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய் உள்ளே அலறுகிறவர்களிடம், கதவு இடுக்கு வழியாக "சாப்டாச்சா, யாரைப் பாக்க வந்தீங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே காரியத்தைப் பார்க்கிற ஆள். எங்கேயாவது சொட்டுச் சத்தம் கேட்டால் போதும், மனுஷனுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், அவர் கிளம்பும்போது அந்த வீட்டில் ஒரு கீலாவது சரியாகியிருக்கும்.

"எங்க வீட்டுக்கு முதல்முதலா வந்தப்போ என்னைப் பாக்கல, எங்க தாழ்ப்பாளத்தான் பாத்தாரு" என்பாள் அவர் மனைவி. கூடத்து ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, தெருக்காரர்களின் பேண்ட் இடுப்பைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

இத்தனை பாடுபட்டதற்கு ஸ்பேனருக்குக் கிடைத்த பாராட்டு என்று பார்த்தால் அது அக்காவுடையது மட்டும்தான். அக்கா வேறு ஊரில் மகனோடு இருந்தாள். எப்போதாவது வருவாள். வந்ததும் குளியலறைக் கதவை ஒரே விரலால் தள்ளிப் பார்ப்பாள். அது சத்தமில்லாமல் போய் மூடிக்கொள்ளும். "அப்பா வீடு அப்படியே இருக்குடா தம்பி" என்பாள். அதைக் கேட்டுவிட்டால் இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அடுத்த ஒரு மாதத்துக்குச் சாப்பாடே வேண்டாம்.

போன வருடம் அம்மா போனாள். கடைசி வரைக்கும் பக்கத்து அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டது ஸ்பேனரும் மனைவியும்தான். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, வெளிநாட்டிலிருந்து அண்ணன் ஃபோன் செய்தார். அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"யாருக்கும் நஷ்டம் வேண்டாம்டா. ஒரு மதிப்பீட்டாளரை வெச்சு, நியாயமான மார்க்கெட் விலை என்னன்னு கேப்போம். அதுல அக்கா பங்கையும் என் பங்கையும் நீ குடுத்துட்டா வீடு உனக்கு. முடியலைன்னா வித்துப் பிரிச்சுக்கலாம். என்ன சொல்றே?"

என்ன சொல்வது? நியாயத்துக்கு எதிராக எவன் வாயைத் திறப்பான்? "சரிண்ணே" என்றார்.

ஓய்வு பெற்றபோது வந்த தொகை இருந்தது. மனைவி மெஷினை மிதித்துச் சேர்த்தது கொஞ்சம் இருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்தார்கள். விலை கொஞ்சம் குறைவாக வந்தால் வீடு நிற்கும். கூடிப்போனால் போச்சு. ஒரே மகள் தூரத்து ஊரில் ஓர் ஒற்றை அறையில் புருஷனும் குழந்தையுமாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறாள். அங்கே போய்த் தலையைச் சாய்க்கக்கூட இடமில்லை. இந்த வயதில் வாடகை வீடு தேடி அலைய வேண்டியதுதான்.

இந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் மச்சான். மனைவியின் தம்பி, பழைய கார் வாங்கி விற்கிற தொழில். உலகத்தில் எல்லாப் பொருளும் அவனுக்குக் கார்தான்.

"அத்தான், வண்டி வாங்க வர்றவன் முதல்ல எதைப் பாப்பான்? கீறலைப் பாப்பான், துருவைப் பாப்பான். கீறலுக்குக் கீறல் விலை இறங்கும். நீங்க என்னடான்னா வீட்டை ஷோரூம் மாதிரி வெச்சிருக்கீங்க. அந்த ஆள் வந்து பாத்தா வானத்துக்கு ஏத்திட்டுப் போயிடுவான். கொஞ்சம் அழுக்கு பண்ணுங்க."

"சொந்த வீட்டையா?"

"ஒரு வாரத்துக்குத்தான் அத்தான். அப்புறம் நீங்க ஸ்பேனரை எடுக்க மாட்டீங்களா என்ன?"

ஸ்பேனர் பிடி கொடுக்கவில்லை. ஆனால் ராத்தூக்கம் போயிற்று. மறுநாள் காலையில் எழுந்து குளியலறைக் குழாயைக் கழற்றினார். உள்ளே இருந்த வாஷர் புதுசு, போன மாதம்தான் போட்டது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழாயைத் திரும்பப் பூட்டினார். சொட்ட ஆரம்பித்தது.

நல்லது செய்து பழகிய கைக்குக் கெடுதல் சுலபத்தில் வராது. சமையலறைச் சுவரில் பெயின்டைச் சுரண்டப் போனவர், சுரண்டிய இடத்தின் ஓரத்தைத் தன்னை அறியாமல் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார். "இது என்ன, புது டிசைனா?" என்று மனைவி கேட்டாள். அசடு வழிய மறுபடியும் சுரண்டினார். ஏணி போட்டு ஏறி, கெட்டியான டீயைத் துணியில் நனைத்துக் கூடத்துக் கூரையில் ஒற்றி எடுத்தார். காய்ந்ததும் அசல் ஒழுக்குக் கறை மாதிரியே இருந்தது. இறங்கி வந்து அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். குளியலறைக் கதவின் மேல்கீலில் ஒரு திருகைத் தளர்த்தினார். கதவு தொங்கிப்போய்த் தரையை உரசியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டதை மனைவி பார்த்தாள்.

"போதுங்க" என்றாள். "எனக்கே பாக்க சகிக்கல."

மதிப்பீட்டாளர் வந்தார். ஸ்பேனர் எதிர்பார்த்த வழுக்கைத்தலைப் பெரியவர் இல்லை, மகள் வயதுப் பெண். தோளில் ஒரு பை, கையில் சிவப்புப் புள்ளி அடித்து நீளம் சொல்கிற சின்னக் கருவி. வந்தவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. தெருவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எதிர்ச்சாரியில் புதிதாக முளைத்திருந்த அடுக்குமாடியைப் படம் எடுத்தார். மனையின் இரண்டு பக்கத்தையும் அளந்தார், சாலையின் அகலத்தை அளந்தார். ஸ்பேனர் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கூரைக் கறை உள்ளே அல்லவா இருக்கிறது?

கடைசியில் உள்ளே வந்தார். கூடத்தில் ஒரு நடை, அறைகளில் எட்டிப் பார்த்து ஒரு படம். கறை பக்கம் கண்ணே போகவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"ரொம்பப் பழசு மேடம்" என்று ஸ்பேனர் தானே எடுத்துக் கொடுத்தார். "கூரை ஒழுகுது. குழாய் நிக்க மாட்டேங்குது. இதோ, கதவு பாருங்க, மூட முடியல."

"பரவால்ல சார். அதெல்லாம் நான் கணக்குல எடுக்கறதில்ல."

"ஏன்?"

"இந்த ஏரியால வீட்டை வாங்க யாரும் வர்றதில்ல சார். மண்ணை வாங்கத்தான் வர்றாங்க. ரெண்டு பக்கம் ரோடு, மூலை மனை. வாங்கறவங்க அடுத்த மாசமே இடிச்சிட்டு அடுக்குமாடி கட்டுவாங்க. கட்டடத்துக்கு நான் எதுவும் போட மாட்டேன். நியாயமாப் பாத்தா இடிக்கிற செலவை வேற கழிக்கணும்."

"கழிச்சா விலை குறையுமா?" என்றார் ஸ்பேனர். அந்த நிலைமையிலும் கேட்டார்.

"மண்ணு விலைக்கு முன்னால அது ஒரு தூசு சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தோராயமாக ஒரு தொகையைச் சொன்னார். ஸ்பேனரும் மனைவியும் சேர்த்து வைத்ததெல்லாம் அதில் அண்ணன் பங்குக்கே சரியாகப் போய்விடும். அக்கா பங்குக்குச் சல்லிக்காசு மிஞ்சாது.

தொகை இடியாகத்தான் விழுந்தது. ஆனால் ஸ்பேனரைச் சுட்டது அது இல்லை. கட்டடத்துக்கு எதுவும் போட மாட்டேன் என்றாரே, அதுதான். அவர் முகம் சிவந்தது. விறுவிறுவென்று குளியலறைக்குப் போய், பாக்கெட்டிலிருந்து திருப்புளியை எடுத்து மேல்கீலின் திருகை இறுக்கினார். ஒரே விரலால் கதவைத் தள்ளினார். அது சத்தமில்லாமல் போய் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா மேடம்? எத்தனை வருஷத்துக் கதவு தெரியுமா? அந்தக் கூரைக் கறை பொய். அது டீ. நானே ஏறி அடிச்சது. இந்த வீடு இதுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினதில்ல. எந்தச் சுவத்துலயும் ஒரு விரிசல் காட்டுங்க பாப்போம். நல்ல வீடு மேடம் இது. ஏதாவது போடுங்க."

விலை குறையாதா என்று ஏங்கிய மனுஷன், கூட்டிப் போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பொதுவா பெயின்ட் அடிச்சு ஏமாத்தப் பாப்பாங்க. நீங்கதான் தலைகீழா பண்ணியிருக்கீங்க" என்றார் மெதுவாக. "நல்ல வீடுதான் சார். ஆனா நான் அதை எழுதுற இடம் எதுவும் இல்ல. உங்க அண்ணனும்தான் எனக்கு ஃபீஸ் குடுக்கறாரு." கிளம்பும்போது கதவை அவரும் ஒருமுறை விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு ஸ்பேனர் வாஷரைத் திரும்ப மாட்டவில்லை. மனைவி மாலையில் ஞாபகப்படுத்தினாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. மறுநாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சுவரில் பெயின்ட் உரிந்தபடி கிடந்தது, கூரையில் கறை கிடந்தது, குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. எப்படியும் இடிக்கப் போகிற வீடு. யாருக்காக ஏணி தூக்குவது?

மூன்றாம் நாள் வாசலில் டாக்சி வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் அக்கா. முட்டி வலியோடு படியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கூடத்துக்குள் வந்து உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கூரையைப் பார்த்தாள். சமையலறைச் சுவரைப் பார்த்தாள். வழக்கம்போல் கதவை விரலால் தள்ளிப் பார்க்காமலே குளியலறைக்குள் போனாள். குழாயை இறுக்கித் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை.

வெளியே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ஏன்டா தம்பி, முடியாமப் போச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ஸ்பேனர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணன் ஃபோன்ல தொகையைச் சொன்னான். என் பங்கு எனக்கு வேணாம்னு சொல்லத்தான் கிளம்பி வந்தேன். அம்மாவைப் பாத்தே, வீட்டைப் பாத்தே, உனக்கு இல்லாததா? அண்ணனுக்கு மட்டும் குடுத்துட்டு நீ இங்கயே இருன்னு சொல்ல இருந்தேன்." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்போ பாத்தா, உனக்கு உடம்புல தெம்பில்ல. ஒரு குழாயைக்கூட உன்னால பாக்க முடியல. இருக்கிற காசையெல்லாம் அண்ணனுக்குக் குடுத்துட்டு இந்த இடிஞ்ச வீட்டை உன் தலைல கட்டினா அது பாவம்டா. வித்துடலாம். எல்லாருமா சேந்து உனக்கு ஒரு சின்ன இடமாப் பாக்கலாம், ஏறி இறங்கற வேலையே இல்லாம."

மனைவி தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

"என்ன சொல்லணும்?" என்று அக்கா கேட்டாள்.

எல்லாம் நானே செய்ததுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு நின்றாலும் நின்றுவிடும். எதற்காகச் செய்தாய் என்று அடுத்ததாகக் கேட்பாள். உன் பங்கைக் குறைக்கத்தான் என்று சொல்ல வேண்டும். பங்கே வேண்டாம் என்று வலிக்கிற முட்டியோடு வந்து நிற்கிறவளிடம், அவள் முகத்தைப் பார்த்து, அதைச் சொல்ல வேண்டும்.

ஸ்பேனரின் கை சட்டைப் பைக்குள் போயிற்று. வாஷர் அங்கேயே இருந்தது.

"ஒண்ணுமில்லக்கா" என்றார். "வாஷர் தேஞ்சு போச்சு. அதான் சொட்டுது. மாத்தணும் மாத்தணும்னு பாக்கறேன், முடியல."

அக்கா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள். போய் ஒரு வாளியை எடுத்து வந்து குழாய்க்கு அடியில் அவளே வைத்தாள்.